நாற்பத்தொன்றாவது கையெழுத்து

மகளை வேலையிலிருந்து நீக்கச் சொல்லும் மனுவில் லைனம்மா நாற்பத்தொன்றாவதாகக் கையெழுத்துப் போட்டபோது சாப்பாட்டு மணி அடித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. டிபன் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தாள், முதல் வாய் எடுக்கவில்லை. அதற்குள் காஜாக்காரி வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, மேஜையில் சிந்திக் கிடந்த தண்ணீரைப் புறங்கையால் வழித்துவிட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து தாள்களை உருவி அவள் முன்னால் பரப்பினாள்.

ஆயத்த ஆடைக் கம்பெனியில் மூன்றாம் லைனுக்கு அவள் சூப்பர்வைசர். நாற்பத்திரண்டு மெஷின், நாற்பத்திரண்டு பெண்கள், ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் லைனம்மா. காஜாக்காரியும் அப்படித்தான். சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் பதினாறு வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து, சொந்தப் பெயரை அந்தத் துளை வழியாகவே விட்டுவிட்டவள். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாமியார் தொல்லை, கர்ப்பப்பை ஆபரேஷன், காஜாக்காரியின் புருஷன் குடித்துவிட்டு அடித்தது, பிறகு குடியை விட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லாத சங்கதி இல்லை. லைனம்மா சொல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, ஒரு கையெழுத்து. நீங்க போட்டா நம்ம லைன் மொத்தமும் போட்டுரும்" என்றாள் காஜாக்காரி.

கீழே கையெழுத்திட்டுள்ள பெற்றோர்களும் பொதுமக்களுமாகிய நாங்கள், என்று தொடங்கியது மனு. பொது நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சியளிக்கும் மேற்படி ஆசிரியை ஒரு பெண்ணோடு முறைகேடான குடும்ப வாழ்க்கை நடத்தி வருவதாலும், எங்கள் பெண் பிள்ளைகள் நீச்சல் உடையில் அவருடைய பொறுப்பில் விடப்படுவதாலும், அவரை உடனடியாக நீக்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். 'மேற்படி' என்ற வார்த்தைக்கு முந்தைய வரியில் பெயர் இருந்தது. அவளும் அவள் கணவரும் ஒன்பது நாள் மல்லுக்கட்டி, இரண்டு பக்கத்து உறவையும் பகைத்துக்கொண்டு வைத்த பெயர். காஜாக்காரி உள்பட கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்தது வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர்தான். இந்தப் பெயர் தட்டச்சில் ஒரு எழுத்துப் பிழையோடு இருந்தது. அந்தப் பிழையின் மேலேயே அவள் கண் நின்றுவிட்டது.

காஜாக்காரி விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்ன மகளும் அங்கேதான் நீச்சல் கற்றுக்கொள்கிறாளாம். மருந்துக்கடைக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தாராம். அந்த டீச்சரும் மாட்டு டாக்டராக இருக்கும் ஒரு பெண்ணும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், வீட்டு ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கிறது, கடையில் ஒரே தலையணை உறையை இருவரும் தடவித் தடவிப் பார்த்து வாங்கினார்கள் என்று எல்லாவற்றையும் திரட்டி வைத்திருக்கிறாராம். சுற்றியிருந்த பெண்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, காலம் கெட்டுக் கிடக்கிறது என்றாள். யாரும் பெரிதாகக் கோபப்படவில்லை. கோபமே இல்லாமல்தான் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"உங்களுக்கென்னக்கா, பொண்ணு வெளியூர்ல நல்லபடியா இருக்கா. வயித்துல நெருப்பு எங்களுக்குத்தான்."

அந்த வெளியூர் எட்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால், சமையலறையில் நின்றபடி மகள் அதைச் சொன்னபோது லைனம்மா கத்தவில்லை, அடிக்கவில்லை, வீட்டைவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அதற்காகப் பின்னாளில் தன்னையே மெச்சிக்கொண்டதும் உண்டு. இந்தப் பேச்சு இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும், வெளியே போகக் கூடாது என்று மட்டும் சொன்னாள். பேச்சு வெளியே போகவில்லை, மகள் போய்விட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி வைத்தாள். பொய்க்கு வாய் பழகிவிட்டால் அப்புறம் மூளையைக் கேட்பதில்லை. அந்த ஊர் வெயில் எப்படி, தண்ணீர் எப்படி என்றுகூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பேனா நீண்டது. துணிக்கட்டுகளோடு வரும் பண்டில் சீட்டுகளில் ஒரு நாளைக்கு இருநூறு கையெழுத்துப் போடும் கை அவளுடையது. போடமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவுதான் அந்த நேரத்தில் ஓடியது. போட்டாள். கடைசி எழுத்தின் வாலை வழக்கம்போல இடமிருந்து வலமாக இழுத்து, அடியில் இரண்டு புள்ளியும் வைத்தாள்.

சாயங்காலம் வரை லைனில் நின்றாள். காலர் கோணலாகப் பிடித்த ஒரு புதுப் பெண்ணை, கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டு வந்தாயா என்று நாற்பத்தோரு பேர் முன்னால் பிடிபிடியென்று பிடித்தாள். அந்தப் பெண் தையலைப் பிரிக்க உட்கார்ந்தபோது அதன் காதோரம் சிவந்திருந்ததைப் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிக்குள் இறங்கிக் கம்பிக்கயிறுகளைத் தடவிப் பார்த்தே முப்பது வருடத்தை ஓட்டியவர், அதனாலோ என்னவோ வெளிச்சத்தில் அதிகம் பேசமாட்டார். அவள் வீட்டுக்கு வந்தபோது வாசல் குழாயடியில் சோப்புத்தூளும் மரத்தூளும் கலந்து கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு விரலாகக் கழுவி, நகக்கண்ணைப் பார்த்து, குழாயை மூடினார்.

"எத்தனாவது கையெழுத்து?"

"நாப்பத்தி ஒண்ணு."

"முன்னாடி போட்ட நாப்பது பேருக்கும் அவ யாருன்னு தெரியாது" என்றார். "உனக்குத் தெரியும்."

இருபத்தெட்டு வருடத்தில் அவர் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. அன்றைக்கு அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தான் ஒன்று விட்ட சனிக்கிழமைதோறும் குளத்துக்குப் போவதாகச் சொன்னார். அது அவளுக்குத் தெரியாததல்ல. திரும்பி வரும்போது அவர் சட்டையில் குளோரின் வாடை அடிக்கும். தெரியாததுபோல் இருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது அவளிடம் நிறையவே இருந்தது. பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்பாராம். ஒரு தடவை, தண்ணீரைப் பார்த்தாலே அலறுகிற ஒரு குழந்தையை மகள் அரை மணி நேரம் முதுகுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றாளாம்.

"கைய எடுத்துட்டேன்னு அவ சொல்லவே இல்ல. அது பாட்டுக்கு மெதந்துக்கிட்டு கூரையப் பாத்து ஏதோ கதை சொல்லிட்டு இருந்துச்சு. இவ கை ரெண்டும் தண்ணிக்கு மேல இருக்குது." இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கிரீஸ் முழுக்கப் போகாத கை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலேயே காஜாக்காரிக்கு போன் போட்டாள். தாள் தன்னிடம் இல்லை, மருந்துக்கடைக்காரர் வாங்கிக்கொண்டுபோய் எட்டு மணிக்கே குளத்து ஆபீஸில் கொடுத்துவிட்டார் என்று பதில் வந்தது. எதற்கு என்று கேட்பதற்குள் லைனம்மா வைத்துவிட்டாள். எட்டு ஸ்டாப். நாலு வருடத்தில் ஒரு நாளும் ஏறாத பஸ். ஏறி உட்கார்ந்தால் இருபத்தைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

குளத்து மேலாளர் வழுக்கைத் தலையும் கழுத்தில் விசிலுமாக இருந்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களால் ஒரு தாளைக்கூடத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதை அன்று அவள் கற்றுக்கொண்டாள். பதிவாகிவிட்ட மனுவிலிருந்து பெயரை அடிக்க முடியாது, விலகுவதாகத் தனிக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம், அதில் காரணம் குறிப்பிட வேண்டும் என்றார். மொத்தம் தொண்ணூற்று மூன்று கையெழுத்து, ஒன்று போனால் தொண்ணூற்றிரண்டு, பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையே அம்மா என்றும் ஆறுதலாகச் சொன்னார். அவள் தாள் கேட்டாள். விலகுகிறேன் என்று ஒரு வரி எழுதினாள். காரணம் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, நின்றாள். லைனில் ஆயிரம் காரணம் எழுதியிருக்கிறாள். நூல் அறுந்தது, ஊசி முறிந்தது, மின்சாரம் நின்றது. 'நான் இவளுடைய அம்மா' என்று எழுதினாள். நாலு வருடத்தில் இதை அவள் எங்கேயும் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை.

மேலாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். டீ சொல்லட்டுமா என்றார். பிறகு, சங்கடத்தோடு, காலையில் டீச்சரைக் கூப்பிட்டு அந்தப் பட்டியலைக் காட்டியதாகவும், அவள் இரண்டாம் பக்கத்தில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றதாகவும் சொன்னார். எண்ணிப் பார்க்கிறாள் என்று நினைத்தாராம்.

மகள் உடை மாற்றும் அறையில் இருந்தாள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். இரண்டு விசில், நீச்சல் கண்ணாடிகள், குழந்தைகள் விட்டுப்போன ஒற்றைக் காலுறைகள் ஒரு பை நிறைய. நாலு வருடத்தில் தோள் அகன்றிருந்தது, முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், குளோரினில் புருவம் வெளுத்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் கையில் இருந்ததைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். வா என்று சொல்லவில்லை.

"ப்ராக்ரஸ் கார்டுல போடுற அதே கையெழுத்து" என்றாள். "அடியில ரெண்டு புள்ளி. ஸ்கூல்ல நான் அத அப்படியே போடப் பழகி வச்சிருந்தேன், தெரியுமா? வேற யாரோ போட்டதா இருக்கும்னு நினைக்கக்கூட முடியல."

தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்ல லைனம்மாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. அது பொய். பயந்து போட்டேன் என்பது நிஜம், ஆனால் அதைச் சொன்னால் மகள் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். சின்ன வயதிலிருந்தே அந்தப் பெண் அப்படி. எதிரில் இருப்பவர் அழுதால் தன் அழுகையை நிறுத்திவிடும். ஆகவே, அழவில்லை. விசாரணை என்றைக்கு என்று மட்டும் கேட்டாள்.

"சனிக்கிழமை பத்து மணி. நீ வர வேண்டாம்மா."

"வருவேன்" என்றாள் லைனம்மா. கையெழுத்தை அழிக்க முடியாது என்று மேலாளர் சொன்னது உண்மைதான், ஆனால் வாய் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதுதான் கோபம் வந்தது. நேற்று மதியமே வந்திருக்க வேண்டிய கோபம் ஒரு நாள் தாமதமாக, வட்டியும் முதலுமாக வந்து இறங்கியது. மருந்துக்கடைக்காரர் மேல், தலையணை உறையை வேவு பார்த்தவர்கள் மேல், சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கிய ஒவ்வொரு கை மேலும். வேலியே பயிரை மேய்ந்த கதையாகத் தன் கையும் அந்தக் கைகளில் ஒன்று என்பதால் அது யாரிடமும் இறக்கி வைக்க முடியாத கோபமாக இருந்தது.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் டிபனைத் திறக்காமல் எழுந்து நின்றாள். லைனில் பேசுகிற குரல் அவளுக்கு நாற்பத்திரண்டு மெஷினைத் தாண்டிக் கேட்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டது என் மகளுக்கு எதிராக, அவள் வெளியூரில் இல்லை, எங்கேயும் போகவில்லை, நான்தான் இத்தனை நாளும் பொய் சொன்னேன் என்றாள். யாரோ ஒருத்தி குனிந்து, கீழே விழாத எதையோ தேடினாள்.

காஜாக்காரியின் முகம்தான் முதலில் உடைந்தது. பதினாறு வருடப் பழக்கத்தில் இதை மறைத்துவிட்டாயே என்பதுதான் அவளுக்குப் பெரிய அடியாக இருந்தது. எழுந்து பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தத் தாளத் தொட்டிருப்பேனாக்கா?" என்றாள்.

"என் பொண்ணுன்னு தெரிஞ்சா தொடமாட்ட. வேற எவளோ பெத்த பொண்ணுன்னா தொடுவ. அதானே?"

காஜாக்காரி சுற்றியிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானும் அப்படித்தான்டி தொட்டேன். யாரோ பெத்த பொண்ணு மாதிரி." திறக்காத டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளினாள். "உன் பொண்ணுக்கு இப்ப நீச்சல் தெரியுமா?"

"தெரியும்."

"யார் சொல்லிக் குடுத்தது?"

காஜாக்காரி டப்பாவை மூடிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமை வரை காஜா மெஷினிலிருந்து சட்டைகள் ஒரு குறையும் இல்லாமல் வந்தன. அவள் மட்டும் லைனம்மாவின் பக்கம் வரவில்லை.

சனிக்கிழமை விசாரணை ஒரு பெரிய அறையில் நடந்தது. மேலே மின்விசிறிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் நாலு பேர். விசாரணைக் குழுவின் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த நடுவயதுப் பெண். வலது பக்கம் கையெழுத்துப் போட்டவர்களில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், காஜாக்காரியும் அவர்கள் நடுவில். இடது பக்கம் மகளும் அந்த டாக்டர் பெண்ணும் மட்டும். நாலு வருடமாக 'அந்தப் பொண்ணு' என்று மனதுக்குள் குறித்து வைத்திருந்தவளை லைனம்மா அன்றுதான் நேரில் பார்த்தாள். ஒல்லியாக, உயரமாக, முழங்கைக்குக் கீழே ஏதோ மிருகம் பிறாண்டிய கீறலோடு இருந்தாள். காலை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள். லைனம்மாவும் வீட்டுக்காரரும் போய் இடது பக்கம், இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் முதுகு நேரானது.

மருந்துக்கடைக்காரர் மரியாதையாகப் பேசினார். குரலை உயர்த்தவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எங்களுக்குத் தனிப்பட்ட வெறுப்பு எதுவும் கிடையாது என்றார். டீச்சர் திறமையானவர் என்பதையும் மறுக்கவில்லை என்றார்.

"அவங்க நாலு சுவத்துக்குள்ள எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டும். வெளிய, குழந்தைங்க மத்தியில வேணாம்னுதான் சொல்றோம்."

லைனம்மாவுக்குச் சுரீரென்றது. அதே நாலு சுவர். அவள் சமையலறையில் நின்று மகளுக்குச் சொன்ன அதே வார்த்தை, மகளை வீட்டைவிட்டு விரட்டிய வார்த்தை, ஊரெல்லாம் சுற்றி இஸ்திரி போட்ட சட்டைக்குள் புகுந்துகொண்டு வந்து நிற்கிறது. அவரைப் பார்க்கப் பார்க்கத் தன்னையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது. தலைவி, வேறு யாராவது பேசவிருக்கிறீர்களா என்று கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"நான் இவளோட அம்மா. அந்தத் தாள்ல நாப்பத்தி ஒண்ணாவது கையெழுத்து என்னோடது" என்றாள். வலது பக்கம் சலசலத்தது. அது அடங்கும்வரை நின்றாள். "சட்டைக் கம்பெனில சூப்பர்வைசர் நான். ஒரு சட்டை சரியில்லன்னு திருப்பி அனுப்பணும்னா, குறை எந்த இடத்துல இருக்குதோ அங்க சின்னதா ஒரு செவப்பு அம்பு ஒட்டணும். அம்பு ஒட்டாம ஒரு சட்டையக்கூட நான் திருப்பி அனுப்புனதில்ல, அனுப்பினா தைச்சவ என்னைச் சும்மா விடமாட்டா. இதுல தொண்ணூத்தி மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். மூணு வருஷமா இவ சொல்லிக்குடுக்குறா. எந்தக் குழந்தைய அடிச்சா, எந்தக் குழந்தைகிட்டத் தப்பா நடந்தா, எந்தக் குழந்தை வீட்டுக்கு வந்து அழுதுச்சு? அம்பு எங்க? காட்டுங்க."

யாரும் காட்டவில்லை. மருந்துக்கடைக்காரர் கனிவாகத் தலையை ஆட்டினார். "ஒரு தாயா உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுதும்மா."

"இது வருத்தம் இல்லீங்க, கோபம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரு எப்படி மருந்து குடுக்குறீங்க?"

வலது பக்கத்திலேயே யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் சொல்ல வேண்டியது ஏராளமாக இருந்தது. நாலு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு முட்டாளின் பேச்சை யாரும் கேட்க வேண்டியதில்லை, அவள் சொல்லிக் கொடுத்த குழந்தைகளை வரவழைத்துக் கேளுங்கள், மூழ்காமல் இருக்கிற ஒவ்வொன்றையும் கேளுங்கள் என்றாள். கடைசியில், அவளை எடுப்பதாக இருந்தால் காரணம் என்ன என்று கடிதத்தில் எழுதுங்கள், 'மேற்படி' என்று எழுதாமல் பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள் என்று சொல்லி உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரர் எழுந்தார். அத்தனை பேர் முன்னால் அவர் நின்றதே இல்லை; தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். "நான் அப்பா" என்றார். "இவ சொன்னதுக்குக் கீழ என் கையெழுத்து." உட்கார்ந்துவிட்டார்.

மனுவிலிருந்து விலக விரும்புகிறவர்கள் உண்டா என்று தலைவி கேட்டார். மூன்று பேர் எழுந்தார்கள், மூன்று பேரையும் லைனம்மாவுக்குத் தெரியாது. காஜாக்காரி மடியில் இருந்த கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள். எழுவாள் என்று கடைசி நொடிவரை லைனம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். எழவில்லை. முடிவு இரண்டு வாரத்தில் தபாலில் வரும் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்கள்.

வெளியே படிக்கட்டில் வெயில் சுள்ளென்று இருந்தது. மகளும் டாக்டர் பெண்ணும் ஸ்கூட்டரை எடுக்கப் போனவர்கள், பாதி வழியில் நின்றார்கள். டாக்டர் பெண் மட்டும் திரும்பி வந்தாள். தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினாள். "குடிங்க. ரொம்ப நேரம் பேசிட்டீங்க" என்றாள். குரல் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. லைனம்மா வாங்கிக் குடித்தாள். பாதியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். அதற்குள் மகளும் வந்து சேர்ந்தாள்.

"நல்லாப் பேசுன" என்றாள். பிறகு, அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, அம்மாவைப் பார்க்காமல், "ஆனா அந்தத் தாள என்னால இன்னும் மறக்க முடியலம்மா. கொஞ்ச நாள் ஆகும். ஆகாமலும் போகலாம்" என்றாள்.

"மறக்காத" என்றாள் லைனம்மா. "நானும் மறக்கப்போறதில்ல."

ஸ்கூட்டர் போய்விட்டது. மகள் பின்னால் உட்கார்ந்திருந்தாள், அந்த டாக்டர் பெண்ணின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நடுப்பகலில், நாலு பேர் பார்க்கிற தெருவில். லைனம்மா முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குள் கொதித்தது அப்படியே இருந்தது. பேசினால் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள்; பேசியதில்தான் அதற்குக் காற்றுப் பிடித்திருந்தது. வா போகலாம் என்று வீட்டுக்காரர் தோளைத் தொட்டார்.

அப்போது ஒருவர் அவர்களை நோக்கி வந்தார். கூட்டம் முழுக்கக் கலையும்வரை சுவரோரம் நின்றிருந்தவர். ஐம்பது வயது இருக்கும், பஸ் கண்டக்டர் சட்டை, பையில் டிக்கெட் மெஷினின் வார் தொங்கிக்கொண்டிருந்தது. வலது பக்க வரிசையில், மருந்துக்கடைக்காரருக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார்.

"என் பையன்" என்றார். "பத்தொம்பது வயசு. போன மாசம் எங்கிட்ட ஒண்ணு சொன்னான். அதுக்கப்புறம் நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

லைனம்மா அவரையே பார்த்தாள். "நீங்க அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"எழுந்திருக்கச் சொன்னப்ப எழுந்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரர் கையில் இருந்த பாட்டிலைப் பிடுங்கி அவர் முகத்தில் விட்டெறிய வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. உன் வீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு என் வீட்டுக் கூரையில் கொள்ளி வைக்க எப்படி மனசு வந்தது என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்கவில்லை. கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்பது ஒரு புறம்; அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் இந்த நேரத்தில் எந்த அறையில், எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்பது இன்னொரு புறம்.

"உங்கள மாதிரி இருக்கிறவங்க எங்கயாவது கூடிப் பேசுவீங்களாம்மா? அப்படி எடம் ஏதாவது இருக்கா?" என்றார் கண்டக்டர்.

அப்படி ஒரு இடம் இல்லை. இருந்திருந்தால் நாலு வருடத்துக்கு முன்னால் அவளே அங்கே போயிருப்பாள், அல்லது போகாமல் இருந்திருப்பாள். வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுல" என்றாள். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு. பையன் வர்றேன்னா அவனையும் கூட்டிட்டு வாங்க. ஆனா வர்றதுக்கு முன்னாடி, இன்னைக்கே, அவன்கிட்ட ஒரு வார்த்தையாவது பேசிட்டுத்தான் வரணும். பேசாம வந்தீங்கன்னா கதவத் திறக்கமாட்டேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாள் இல்லை. டிக்கெட் மெஷின் இருந்த பையைத் துழாவினார், டிக்கெட் ரோலும் தீர்ந்திருந்தது. இடது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, சொல்லுங்கம்மா என்றார். அவள் கதவு எண்ணைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று சொன்னாள். வியர்வையில் பேனா வழுக்கியது. ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை அழுத்தி எழுதினார். நன்றி என்றுகூடச் சொல்லத் தோன்றாமல் திரும்பி நடந்தார். தெருவில் சனிக்கிழமைச் சந்தடியில் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவர் அந்தக் கையை மட்டும் யார் மேலும் பட்டுவிடாமல், விரல்களை மடக்காமல், தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தார்.